புகை வராத கரி

சென்ற வாரம் என் அக்கா மகள் சுகன்யா வாட்ஸப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். ஆனைகட்டிப் பக்கம் வீடு கட்டுகிறார்கள், அவளும் அவள் வீட்டுக்காரரும். மலையடிவாரம். மார்கழியில் பல் தந்தியடிக்கும். அதனால் படுக்கையறையில் குளிர்காய ஒரு நெருப்பு வேண்டுமாம். முதல் படத்தில் கேஸில் எரிகிற நெருப்பு. கண்ணாடிக்குப் பின்னால், பொய்யான மரக்கட்டைகளுக்கு நடுவே, வரிசை பிசகாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குச் சுவரைத் துளைத்து வெளியே குழாய் விட வேண்டும். இரண்டாவது படத்தில் ஓர் இரும்புத் தொட்டி, அதில் செக்கச்செவேலென்று கரி. குழாயும் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. கூடவே அவள் குரல்: "சித்தி, எது நல்லாருக்குதுங்க? கேஸு பொம்மை நெருப்பாட்ட இருக்குது. இதுதான் நெசம். நல்ல கரியாப் போட்டா பொகையே வராதுன்னு இன்டீரியர்காரரு சொல்றாருங்க. பாப்பா தொட்டில் பக்கத்துலயே வெச்சுக்கலாமாமா."

பொகையே வராது. அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த ஃபோனைக் காய்கறிக் கூடைக்குள் நழுவவிட்டேன். சிரிக்காதீர்கள். அறுபதை நெருங்குகிறவள் கத்தரிக்காய்களுக்கு நடுவில் ஃபோனைத் தேடுவதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை.

ஃபோனை எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது குடும்ப குரூப்பில் அக்காவின் பதில் வந்திருந்தது. "நெசமான நெருப்பே வெய்யி சாமி. கேஸு நம்ம குடும்பத்துக்கு ஆகாது." பக்கத்தில் கும்பிடுகிற கைகள் இரண்டு. நான் பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. முப்பது வருஷத்துக்கு மேல் பழகியது, ஒரே நாளில் விடுமா? பேச வேண்டியவர்களிடம் பேசாமல் உங்களிடம் கதை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள், இதுவும் அதில் சேர்த்திதான்.

அப்போது நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஐந்து வீடுகள். ஒவ்வொரு வீடும் ரயில் பெட்டி மாதிரி நீளம்: முன்னறை, உள்ளறை, கடைசியில் சமையலறை. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னறைக்குப் போகிற கதவு ஒன்று, சமையலறைச் சுவரின் உச்சியில் முழ அகலத்துக்கு ஓட்டை ஓட்டையாக ஒரு சிமெண்ட் ஜாலி, இவ்வளவுதான் அதற்கு மூக்கு. அப்பாவுக்கு ஃபவுண்டரியில் உலையடியில் வேலை. நான் துடியலூரில் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியில் காயில் சுற்றினேன். இப்போதும் எங்காவது வார்னிஷ் வாசனை அடித்தால் என் விரல்கள் தாமாகவே கம்பியைத் தேடும்.

வார்னிஷ் வாசனைகூடப் பரவாயில்லை. எனக்கு அப்போது பெரிய கவலை என் தலைமுடியின் வாசனைதான். வீட்டில் விறகடுப்பு. எத்தனை சீயக்காய் போட்டாலும் பஸ்ஸில் ஏறினால் நான் ஒரு கரிச்சட்டி என்று ஊருக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், என் முடியைத்தான் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவேன். உலகத்தில் அவரவருக்கு ஆயிரம் கவலை, என் முடியை மோந்து பார்க்க யாருக்கு நேரம்? இருபத்தொரு வயதில் அதெல்லாம் புரியுமா? கேஸ் வாங்கினால்தான் ஆச்சு என்று மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தேன். பட்டறை வாசலில் நாலு போண்டா தின்றுவிட்டுத்தான் இருந்தேன் என்பதை இப்போது சொன்னால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

கேஸ் வந்தது. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. "நெருப்புன்னா மூஞ்சி தெரியோணும் அம்மணி. இதென்ன, திருகுனா வருது, திருகுனா போவுது. எங்கிருந்து வருதுன்னே தெரியல" என்பாள். தீக்குச்சியைக் கிழித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு பற்றவைப்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். விறகடுப்பு கொல்லைப்புறத்துக்குப் போய் குளிக்கிற தண்ணீர் காய்ச்சும் அடுப்பானது. என் முடி மணத்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில்தான் அக்கா பிரசவத்துக்கு வந்தாள். தலைப்பிரசவம். பையன். கருகருவென்று முடி, உள்ளங்கை மட்டும் ரோஜா நிறம். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குப் பிடித்த மழை. ஐப்பசி அடைமழை என்றால் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வருஷம் பார்த்தோம். சுவரெல்லாம் ஓதம். உள்ளறையில் தரையைத் தொட்டால் விரல் நனையும். பிள்ளை பெற்ற உடம்பும் பச்சைக் குழந்தையும் அதற்குள் இருக்கிறார்கள். கணப்பு போட்டே ஆக வேண்டும் என்றாள் அம்மா. நனைந்த விறகைக் கொளுத்தினால் புகைதான் வந்தது, குழந்தைக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கண்ணு, உன்ற கேஸு நாலு தணல் குடுக்குமா? கேட்டுச் சொல்லு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் அப்பா வேலை முடிந்து வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே கோக் கரி. இரும்பு உருக்குகிற உலைக்குப் போடுவது. நிலக்கரியைச் சுட்டுப் புகையையெல்லாம் முன்னாலேயே எடுத்துவிட்ட கரி. உலையை அணைக்கும்போது பாதி எரிந்த துண்டுகள் கீழே கொட்டும், ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எங்கள் லைனில் அதற்குக் கம்பெனிக் கரி என்று பெயர். அப்பா ஒரு பழைய மோட்டார் பாடிக்கு, அந்த வெறும் இரும்புக் கூட்டுக்கு, மூன்று கால் வைத்து வெல்டிங் அடித்துக் கணப்பு அடுப்பு ஒன்றும் செய்து வந்திருந்தார். கொல்லைப்புறத்தில் வைத்து ஊதி ஊதிச் சிவக்கவைத்து, சாக்கால் பிடித்துத் தூக்கிவந்து அக்கா கட்டிலுக்குக் கீழ்ப்பக்கம் வைத்தார்.

அப்பா அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "பொகையே வராது, பாரு கண்ணு. கண்ணு கரிக்காது, மூக்கு நோவாது. பெரிய பெரிய இரும்பையே தண்ணியாக்கற நெருப்பு. இது என்ற பேரனுக்கு" என்றார்.

நாங்கள் ஒவ்வொருவராக அதன் மேல் முகத்தை நீட்டிப் பார்த்தோம். நிஜமாகவே புகை இல்லை. வாசனையும் இல்லை. சூடு மட்டும் முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கொடுத்துவைத்த பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தினமும் காலை பத்து மணிவாக்கில் அக்காவைக் குளிக்கவார்த்து, தலைக்குச் சாம்பிராணி காட்டி, குழந்தையோடு உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்துவார்கள். காற்று பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று பயம். கணப்பு போட்ட மூன்றாம் நாள் அக்கா தலையை வலிக்கிறது என்றாள். நான்காம் நாள் வாந்தி எடுத்தாள். "கண்ணு, எந்திரிச்சா ரூமே சுத்துது" என்று என்னிடம் சொன்னாள். அக்கா என்னை எப்போதும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது. கன்னம் இரண்டும் அப்படிச் சிவந்திருந்தது. அம்மா அதைப் பார்த்து நெட்டி முறித்தாள். "புள்ளப் பெத்தவ இப்புடித்தான் இருக்கோணும். பாரு, பழமாட்ட இருக்கறா." குழந்தையும் அழுவதை விட்டுவிட்டான். முதல் வாரம் லைன் முழுக்கக் கேட்கக் கத்தியவன், கணப்பு போட்டதிலிருந்து தூங்கினான், தூங்கினான், தூங்கிக்கொண்டே இருந்தான். "தங்கமான புள்ளைங்க, இருக்கறதே தெரியல" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அப்போது நானும் கூடச் சேர்ந்து ஆமாம் போட்டேன்.

தலைவலிக்குக் காரணம் தேடினோம். அம்மாவுக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. "கேஸு வாடைதான். ஜாலி வழியா உள்ள போவுது. எனக்கே நெஞ்சக் கரிக்குது" என்றாள். நான் சண்டை போட்டேன். என் கேஸைப் பழி சொன்னால் எனக்குப் பொறுக்குமா? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. காலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சமையல் கொல்லைப்புற விறகடுப்பில். அன்றைக்குப் பார்த்து கம்பெனிக் கரியும் இல்லை. சாக்கு காலி, ஃபவுண்டரி விடுமுறை. இரண்டு நெருப்புக்கும் ஒரே நாளில் லீவு. அக்கா எழுந்து உட்கார்ந்தாள், இரண்டு தோசை சாப்பிட்டாள், சிரித்தாள். குழந்தை வீறிட்டு அழுதான். திங்கட்கிழமை புது சிலிண்டர் வந்தது. அப்பா ஒரு சாக்கு கரியும் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை அக்கா மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? கேஸு வந்துச்சு, தலவலியும் வந்துருச்சு" என்றாள் அம்மா.

கரியும்தான் வந்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காயில் சுற்றுகிறவள் நான். மோட்டார் ஓடவில்லையென்றால் எந்தச் சுற்றில் கோளாறு என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அந்தப் புத்தி எங்கே போயிருந்தது? புகையும் வாடையும் இருந்தால்தான் கெடுதல் என்று நினைத்தோம். கேஸ் நாறியது. கரி நாறவில்லை. அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பட்டறையிலிருந்து பஞ்சு வேஸ்ட் ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். கிரீஸ் துடைக்கிற நூல் கழிவு. அக்கா முன்னறையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையாகப் பஞ்சைத் திணித்தேன். கேஸைக் கொண்டுவந்தவள் நான், அது அக்காவைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் நான்தான். விரலால் குத்திக் குத்தி இறுக்கினேன். பட்டறையில் சுத்தமான வேலைக்காரி என்று எனக்குப் பெயர். அம்மா கீழே நின்று, "மேல் மூலையில ஒண்ணு தெரியுது பாரு" என்று காட்டிக்கொடுத்தாள். அதையும் அடைத்தேன்.

புதன்கிழமை பட்டறையில் கரண்ட் இல்லை. பதினொரு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விரலை உதட்டில் வைத்து, "கதவத் தொறந்துபோடாத. ரெண்டு பேரும் நல்லாத் தூங்கறாங்க. இன்னிக்குத் தலவலியே சொல்லுல" என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜாலியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். கேஸைப் பற்றவைத்துக் காப்பி போட்டேன். டம்ளரில் ஊற்றி, ஆற்றி ஆற்றி, சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு குடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள். அரை மணி நேரம் இருக்கும். மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

பால் கொடுக்கிற நேரமாச்சு என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மா கத்தவில்லை. "கண்ணு, இங்க வா" என்று மட்டும் கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கன்னம் சிவப்பாக இருந்தது. குழந்தையும் சிவப்பாக, அழகாக, அசையாமல் இருந்தான். கட்டிலடியில் கரி புகையில்லாமல் கனிந்துகொண்டிருந்தது.

யார் வேன் பிடித்தார்கள், எப்படிப் போனோம் என்பதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஆஸ்பத்திரியில், "வீட்ல என்ன அடுப்புங்க?" என்று கேட்டார்கள். "கேஸுங்க" என்றாள் அம்மா. கேட்டது அடுப்பை, சொன்னதும் அடுப்பை. யாரும் பொய் சொல்லவில்லை. அக்கா சாயங்காலம் கண் விழித்தாள். விழித்ததும் பக்கத்தில் கையால் தடவிப் பார்த்தாள். பையன் பத்தொன்பது நாள்தான் இருந்தான். இன்னும் பெயர் வைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகச் சமையலறைக்குப் போய், சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கி மழையில் கொண்டுபோய்ப் போட்டார். அது சேற்றில் உருண்டுபோய் வேலியில் முட்டி நின்றது. துக்கத்துக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். குளிராக இருக்கிறதே என்று யாரோ அந்த மோட்டார் பாடி அடுப்பை எடுத்துவந்து நடுவில் வைத்துக் கரியைப் போட்டார்கள். அப்பா அதன் மேல் கையை நீட்டிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு உண்மை தெரிய ஆறேழு வருஷம் ஆயிற்று. அப்போது நான் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மாறியிருந்தேன். பாதுகாப்பு வகுப்பு என்று ஒன்று நடத்துவார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், அதற்காகவே போவோம். வகுப்பு எடுத்தவர் மூடிய அறையில் கரி நெருப்பு என்ன செய்யும் என்று பலகையில் எழுதினார். தலைவலி. வாந்தி. மயக்கம். கன்னம் சிவந்துபோவது. "புகை வந்தாலாவது எழுந்து ஓடுவோமுங்க. வராததுதான் ஆளைத் தூக்கிரும்" என்றார். என் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்து கரைந்துபோயிற்று. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரிடம் சொல்வது? அப்பாவிடமா? பேரனுக்கென்று சாக்கில் கட்டிக்கொண்டு வந்த மனிதரிடம் போய், நீங்கள் கொண்டுவந்ததுதான் என்று சொல்ல வேண்டுமா? இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை, "என்ன அம்மணி?" என்று நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்லீங்கப்பா, காப்பி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன். அப்பா போனார், அம்மாவும் போனாள். இருவரும் கேஸைச் சபித்துக்கொண்டேதான் போனார்கள். அக்கா அவிநாசியில் தன் வீட்டுக்குள் இன்றைக்கு வரைக்கும் சிலிண்டரை விட்டதில்லை. கரண்ட் அடுப்பு, இல்லாவிட்டால் கொல்லையில் விறகு. சுகன்யா சித்திரை வெயிலில் பிறந்தாள். கணப்பு தேவைப்படவில்லை. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

இதெல்லாம் காய்கறிக் கூடைக்கு முன்னால் நின்று யோசித்தது. அவளுடைய குழந்தைக்கு ஏழு மாதம். தொட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமாம். அன்று மத்தியானமே அவிநாசிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன கண்ணு, ஃபோனுகூடப் பண்ணாம வந்துட்ட?" என்றாள். நான் நின்றபடியே சொன்னேன். கேஸ் இல்லை, கரிதான். அப்பா கொண்டுவந்த கம்பெனிக் கரி. புகை வராது, வாடை வராது, அப்படித்தான் கொல்லும். சுகன்யாவை அதை வைக்கவிடாதே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கும் தெரியாது, அவர் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். செத்துப்போனவர் தலையில் முழுவதையும் இறக்கிவைத்துவிட்டு, அவருக்காக மன்னிப்பும் கேட்டேன் பாருங்கள், என் சாமர்த்தியத்தை.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அத்தன நாளும் அதே கரிதான இருந்துச்சு. அன்னிக்கு மட்டும் எப்புடி?" என்றாள்.

நான் குனிந்து ஓர் அவரைக்காயை எடுத்து நார் உரித்தேன்.

"சமையலறைப் பக்கம் ஒரு ஜாலி இருக்குமே. அது வழியா வெளிச்சம் உழுகும். அவன் அதையவேதான் பாத்துட்டுக் கெடப்பான். அன்னிக்கு உள்ள இருட்டா இருந்துச்சு. அம்மாகிட்டக் கேக்கோணும்னே இருந்தேன், அப்பறம் கேக்கவே இல்ல. அத ஆரு அடைச்சா?"

வாசலில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போயிற்று. அப்புறம், "நான்தான்" என்றேன்.

சுகன்யா அந்த இரும்புத் தொட்டியை வேண்டாமென்றுவிட்டாள். அக்காவே ஃபோன் செய்து, கேஸே வை, சுவரை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் துளைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாளாம். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த லைன் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் கடை. ஃபவுண்டரியை மூடி மனை போட்டு விற்றுவிட்டார்கள். நான் காயில் சுற்றிய பட்டறையை இடித்து மேம்பாலத்துக்குத் தூண் நட்டிருக்கிறார்கள். அதெல்லாம் போனால் போகட்டும்.

அக்கா முன்னே மாதிரியே தினமும் சாயங்காலம் ஃபோன் செய்கிறாள். சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். ஒரு கடுஞ்சொல் இல்லை. ஆனால் இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அக்கா வாயில் என் பெயர் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.